மானின் பின்னங்கால்

எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிற அண்ணனுக்கு விருது கிடைத்ததாமே என்று யாராவது கேட்டால் நான் உடனே ஆமாம் என்று சொல்லமாட்டேன். இல்லை என்றும் சொல்லமாட்டேன். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளி அலுவலகத்தில் கடிதம் பிரித்து, கடிதம் அடித்து, கடிதம் அடுக்கி வருகிறவள் நான். ஒரு கடிதத்தை நாலு தடவை படித்தும் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தடவைதான். கடிதத்தைச் சொல்வதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் அவரைத் துணி மாமா என்பார்கள். தோளில் எந்நேரமும் ஒரு துடைக்கிற துணி கிடக்கும். பஸ்ஸைக் காலையில் ஒரு தடவை கழுவுவார், மதியம் சும்மா நிற்கிற பஸ்ஸை இன்னொரு தடவை துடைப்பார். என்னிடம் கையெழுத்துப் போட வந்தால் பேனாவை எடுப்பதற்கு முன்பு என் மேஜையை ஒரு துடை துடைப்பார். எனக்குச் சுர்ரென்று வரும்.

"அண்ணே, இது பஸ் இல்ல" என்பேன்.

"தூசிக்கு அது தெரியாதேம்மா" என்பார்.

எங்கள் பள்ளியிலிருந்து நாற்பத்தோரு கிலோமீட்டரில் ஒரு குன்று இருக்கிறது. அதன் இடுப்பில், மழை படாத ஒரு பாறைக் குடைவில், பல ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ காவிக் கல்லைக் குழைத்து வரைந்த படங்கள். கை கோத்து நிற்கிற ஏழு பேர், சில உள்ளங்கைகள், ஒரு மான். ஒன்பது வருடத்துக்கு முன்பு இங்கே இருந்த சரித்திர டீச்சர்தான் முதலில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனார். அடுத்த வருடமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. பிறகு மூன்று டீச்சர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் மாதம் ஒரு பயணம் மட்டும் நிற்கவில்லை. முதல் வியாழக்கிழமை காலையில் அண்ணன் டீச்சர்கள் அறை வாசலில் வந்து "பஸ் ரெடி" என்பார். போகவில்லை என்று சொல்ல எந்த டீச்சருக்கும் வாய் வராது.

அங்கே நடக்கிற சட்டதிட்டம் எல்லாம் அவர் போட்டதுதான். பைகளைக் கீழேயே இறக்கிவிட வேண்டும். மேலே ஐந்தைந்து பேராகத்தான் போகலாம். கை முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், மூக்கு பாறையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கவேண்டும். பிள்ளைக்கு ஒரு உருவம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். அதை மாதாமாதம் வரைந்து, போன மாதப் படத்தோடு ஒப்பிட்டு, என்ன குறைந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லவேண்டும். அவர் அதைத் தன் டிரிப் நோட்டில் எழுதிக்கொள்வார்.

பஸ்ஸின் டிரிப் நோட்டில் தேதி, கிலோமீட்டர், டீசல், குறை என்று நாலு கட்டம் உண்டு. குறை என்றால் வண்டியில் என்ன கோளாறு என்று எழுதுகிற இடம். அதில்தான் பாறையையும் எழுதினார். "வைப்பர் மாற்ற வேண்டும். மூன்றாவது ஆள் தலைமேல் குளவிக்கூடு." "ஹாரன் சரியில்லை. மான் பின்னங்கால், குளம்புக்கு மேல் ஒரு விரலகலம் பெயர்ந்தது." எது பஸ், எது பாறை என்று சில இடத்தில் எனக்கே குழப்பம் வரும். ஒரு மாதம் வெறுமனே "பின்பக்கம் தேய்மானம் அதிகம்" என்று இருந்தது. கேட்டேன்.

"மான்தாம்மா. டயர்தான் போன மாசமே மாத்தியாச்சே" என்றார்.

இப்படி ஒன்பது வருடம் ஓடியது. அப்போதுதான் எங்கள் தலைமையாசிரியைக்கு எங்கிருந்தோ ஒரு அறிவிப்பு கிடைத்தது. பழங்காலப் பாறை ஓவியங்களைக் காப்பாற்ற உதவுகிற கல்வித் திட்டங்களைப் பாராட்டி விருது கொடுக்கிறார்களாம். மேடம் என் அறைக்கு ஓடியே வந்தார். "நம்மகிட்ட இல்லாத திட்டமா?" என்றார். அதுவரைக்கும் அதைத் திட்டம் என்று யாரும் சொன்னதில்லை. துணி மாமா டிரிப் என்றுதான் சொல்வோம்.

பதினோரு பக்க விண்ணப்பம். நோட்டிலிருந்த ஒன்பது வருடக் குறையையும் பஸ்ஸைக் கழித்து, பாறையை மட்டும் அட்டவணையாக அடித்தேன். என் கண் பூத்துப்போனது. எட்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி: இத்திட்டத்தால் ஓவியங்களுக்கு ஏதாவது சேதம் ஏற்பட்டதா? நான் சத்தமாகப் படித்ததும் மேடம் தன் அறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"இல்லைன்னு போடுங்க. காப்பாத்துறவங்ககிட்ட கேக்குற கேள்வியா இது?"

அண்ணன் அப்போது என் பீரோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அந்தக் கேள்விய மட்டும் விட்டுட முடியாதாம்மா?"

"விட்டா ஃபாரம் செல்லாது அண்ணே."

இல்லை என்று அடித்தேன். கடைசிப் பக்கத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பஸ் ஷெட் வரைக்கும் துரத்திப் போய் வாங்கினேன். அவருக்கு விருது என்றால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு புத்திசாலி.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடமே கைதட்டியது. கடிதத்தில் இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. உங்கள் அட்டவணையை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள், மற்ற உருவங்கள் அப்படியே இருக்க மான் மட்டும் வேகமாக அழிகிறது, மேலே பாறையிலிருந்து நீர் கசிவதே காரணமாக இருக்கவேண்டும். ஆகவே விருதின் ஒரு பகுதியாக, குடைவின் நெற்றியில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடப்போகிறோம். அடுத்த மாதம் பத்தாம் தேதி எங்கள் தொல்லியல் அதிகாரி ஆட்களோடு வருவார். இவ்வளவுதான் சாரம்.

அதை அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இனிப்பு எங்கே என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் முகம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது.

"வெட்டுவாங்களா? எதால?"

"மெஷின் வச்சுத்தான் வெட்டுவாங்க. பாறையாச்சே."

"பாறை அதிருமே."

"அதிரத்தான் செய்யும்."

என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மேஜையைத் துடைக்கவில்லை. பிறகு சொன்னார்.

குன்றுக்குப் போன முதல் நாள் நடந்தது அது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வெயிலில் ஏறி வந்து குடைவில் நிற்கிறார்கள். பாறை முழுக்கத் தூசி. டீச்சர் கை காட்டிக் காட்டிச் சொல்கிறார், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கிப்போய், பஸ் கண்ணாடிக்கு வைத்திருந்த சோப்புத்தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தார். எட்டின இடத்தில் இருந்தது மான். துடைத்தார். ஈரம் பட்டதும் சிவப்பு பளிச்சென்று எழுந்து வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார். பின்னங்காலில் வெள்ளையாக ஏதோ ஏடு படிந்திருந்தது. அது போகட்டும் என்று நகத்தால் சுரண்டி, அழுத்தித் தேய்த்தார். காய்ந்த பிறகு மான் முன்னைவிட மங்கிப்போனது. மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தபோது குளம்பு இல்லை.

"அந்த வெள்ளைதாம்மா அதப் புடிச்சு வச்சிருந்திருக்கு. பல்லு மேல காரை புடிச்ச மாதிரி. அழுக்குன்னு நெனச்சேன்."

அந்த மூன்றாம் மாதத்திலிருந்துதான் நோட்டில் பாறை வருகிறது. முதல் நாள் கட்டத்தில் கிலோமீட்டரும் டீசலும் மட்டும்தான். குறை என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்த இடத்தைக் கெடுத்தால் ஜெயில் என்று குன்றின் அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். விருது போகும், பள்ளியின் பெயர் போகும், இனிப் பிள்ளைகளை அங்கே விடவும் மாட்டார்கள். சொல்லாவிட்டால், கசியாத தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுகிறேன் என்று மெஷின் பாறையில் ஏறும். இவர் துணியால் செய்ததை அவர்கள் இரும்பால் முடித்துவைப்பார்கள். எது பெரிய கேடு? எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பேசாம இருங்க அண்ணே. ஒம்பது வருஷம் இருந்தீங்கல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நேரே மேடம் அறைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. சாயங்கால டிரிப்புக்கு பஸ் ரெடியா?"

"ரெடி மேடம்."

"போய் எடுங்க."

அண்ணன் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அண்ணி தையல் மெஷின் வைத்திருக்கிறார். அந்த ஒரு மாதமும் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர்கள் பேச்சு எனக்குக் கேட்கும். ஒட்டுக் கேட்கவில்லை, சுவர் அவ்வளவு மெல்லிசு.

"விருது வாங்குறவன் மூஞ்சியா இது?" என்பார் அண்ணி. "சொன்னா பாறை பொழைக்கும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லலைன்னா போயிடும்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப எதுக்குய்யா சோறு எறங்க மாட்டேங்குது உனக்கு?"

மெஷின் மறுபடி ஓடும்.

பத்தாம் தேதி வந்தது. தொல்லியல் அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. இந்த வட்டாரத்துப் பாறைகளுக்குப் பொறுப்பும் அவர்தான், விருதுக் குழுவிலும் அவர் ஒருவர். எங்கள் பஸ்ஸிலேயே வந்தார். மேடமும் நானும் ஃபைலோடு பின்னால் உட்கார்ந்திருந்தோம். குன்றின் அடிவாரத்தில் நாலு பேர் மெஷினை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மலை ஏறுகிற ஆள் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தடவையும் ஏறினதில்லை. கீழேயே நிற்கலாம் என்று மர நிழலைத் தேடினேன். அதிகாரி முதல் படியில் கால் வைத்தபோது அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"அம்மா, ஒரு நிமிஷம். தண்ணி மேலேருந்து வரல. நான்தான் ஊத்தினேன்."

மேடம் வானத்தைப் பார்த்தார். அதிகாரி படியிலிருந்து காலை எடுத்தார். அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டார். முடிந்ததும் திட்டுவார் என்று பார்த்தேன், போலீஸைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"என்ன சோப்பு? தூளா, கட்டியா?"

"தூளுங்க. ஒரு வாளிக்கு ரெண்டு கைப்பிடி."

"எத்தனை வாளி?"

"ஒண்ணரை."

"மேலேருந்து கீழ துடைச்சீங்களா, வட்டமாவா?"

அண்ணனுக்கு வாயால் சொல்ல வரவில்லை. "செஞ்சு காட்டுங்க" என்றார் அதிகாரி. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில், தோள் துணியை எடுத்து, அன்றைக்குத் துடைத்த மாதிரியே துடைத்துக் காட்டினார். முதலில் வட்டமாக, பிறகு மேலிருந்து கீழ். ஒரு இடத்துக்கு வந்ததும் துணியை நகத்தில் சுற்றிக்கொண்டு அழுத்திச் சுரண்டினார். அதிகாரி கிட்டே போய்க் குனிந்து பார்த்து, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று டேப் வைத்து அளந்துகொண்டார். வெறும் தகரத்தை அளக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு தனியாக மேலே ஏறிப்போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கினார். ஆட்களிடம் "மெஷினை ஏத்துங்க, திரும்பிப் போகலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். இறங்கும்போது அண்ணனைப் பார்த்து, "நெத்தி காஞ்சுதான் இருக்கு" என்றார். பாறையின் நெற்றியைத்தான் சொன்னார் என்று எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்பது புரியவே இல்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. மேடம் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என்னிடம் சொல்வார், நான் ஷெட்டுக்குப் போய்ச் சொல்வேன். அண்ணி ஒரு பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, பல் தேய்க்கிற பிரஷ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். "ஜெயில்ல என்னென்ன குடுப்பாங்கன்னு தெரியலையே" என்று என்னிடம் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு லீவு விண்ணப்பம்தான் தெரியும்.

கடைசியில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே இரண்டு காகிதம்.

ஒன்று கெட்டி அட்டை. ஒன்பது வருடம் இடைவிடாமல் குறிப்பெடுத்ததற்கும், அதன் குறையைத் தானே முன்வந்து நிரப்பியதற்கும், எங்கள் பள்ளியின் திட்டத்தையும் அதன் பொறுப்பாளரையும் பாராட்டி விருது. மற்ற பள்ளிகளும் இந்த முறையைப் பின்பற்றலாம் என்று வேறு எழுதியிருந்தது. இன்னொன்று சாதாரணத் தாள். மேற்படி பொறுப்பாளர் ஓவியத்துக்குச் சேதம் விளைவித்ததாகத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால், மறு உத்தரவு வரும்வரை அவர் அந்தப் பாறைக்கு நூறு மீட்டருக்குள் வரக்கூடாது. பிள்ளைகள் வழக்கம்போல் வரலாம். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து, ஒரே மை.

நாலு தடவை படித்தேன் என்று சொன்னேனே, அது இதைத்தான். மேடம் அட்டையைப் படித்துச் சிரித்தார், தாளைப் படித்து முகத்தைச் சுளித்தார், மறுபடி அட்டையை எடுத்தார். "போன் பண்ணிக் கேளுங்க, ஏதோ தப்பா வந்திருக்கு" என்றார். அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"எப்படிங்க ரெண்டும் சரியா இருக்கும்?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

வைத்துவிட்டார். அண்ணன் இரண்டு காகிதத்தையும் ஒரு கையில் ஒன்றாக வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதுல நான் யாரும்மா?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அண்ணி மட்டும்தான் குழம்பவில்லை. ஜெயில் இல்லை என்று தெரிந்ததும் பையைப் பிரித்துப் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தையலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த முதல் வியாழன் வந்தது. "பஸ் ரெடி" என்று அண்ணன் வந்து நின்றார். ஆனால் டீச்சர் அறைக்கு வரவில்லை, என் அறைக்கு வந்தார். இப்போதிருக்கிற டீச்சர் புதுசு, நோட்டில் எழுதுகிற பழக்கம் தெரியாது, நீதான் ஒன்பது வருஷத்தையும் ஒரு எழுத்து விடாமல் அடித்தவள், நீ வா என்றார். முட்டி வலி என்றேன். வாசலைவிட்டு நகரவில்லை. போனேன்.

எப்போதும் நிறுத்துகிற இடத்துக்கு முன்பே பஸ்ஸை நிறுத்தினார். நூறு மீட்டரை ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் பைகளை இறக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே ஐந்தைந்தாகப் பிரிந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். நான் மூச்சு வாங்க வாங்க ஏறினேன். ஏழு பேரையும் பார்த்தேன், உள்ளங்கைகளைப் பார்த்தேன். அட்டவணையில் அடித்தபோது அவை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மானைப் பார்த்தேன். போன மாதப் படத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்கள்.

இறங்கி வந்தபோது அண்ணன் பஸ்ஸின் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"கால் எப்படி இருக்கு?"

அப்படியேதான் இருக்கு அண்ணே என்பது என் வாயில் தயாராக இருந்தது. அந்த மனுஷனுக்கு அன்றைக்கு அதைக் கொடுத்தால்தான் என்ன என்று தோன்றியது. ஆனால் எட்டாவது பக்கத்தில் சேதம் இல்லை என்று அடித்ததும் நான்தான்.

"இன்னும் கொஞ்சம் போயிருக்கு அண்ணே. முட்டிக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி உட்காரும்வரை ஒதுங்கி நின்றார்.

"எழுதினியாம்மா?"

"எழுதிட்டேன்."

"என்னாலன்னு எழுதினியா?"

நோட்டை மடியில் விரித்து, பேனாவை மறுபடி திறந்தேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் பஸ்ஸை எடுக்கவில்லை.